சிமு லியுவின் இடைப்பட்ட ஏழு ஆண்டுகள்

ரொறன்ரோவில் நடிப்பின் மீது ஆர்வம் கொண்ட எந்த இளைஞரோடு பேசினாலும் சிமு லியுவின் பெயர் ஒரு தடவையாவது வந்துவிடுகிறது. கணக்காளர் வேலையை இழந்த ஒருவர், இணையத்தில் கண்ட விளம்பரத்தை நம்பிப் படப்பிடிப்பு ஒன்றில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்கப் போனார், பிறகு மார்வெல் நிறுவனத்துக்கு ட்விட்டரில் ஒரு வரி எழுதினார், அவர்களும் அழைத்து ‘ஷாங்-சி’ படத்தின் கதாநாயகன் ஆக்கிவிட்டார்கள் என்று அந்தக் கதையை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். சொல்லப்படுவதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அவர் கூட்டத்தில் போய் நின்றது 2012இல், கதாநாயகனாக அறிவிக்கப்பட்டது 2019இல். இடையில் கிடக்கும் ஏழு ஆண்டுகளை யாரும் சொல்வதில்லை. துணை நடிகராக இந்த நகரத்தில் சில காலம் வேலை செய்தவன் என்ற முறையில், அந்த ஏழு ஆண்டுகள்தான் கதையே என்று நான் நினைக்கிறேன்.

லியு 1989 ஏப்ரல் 19ஆம் திகதி சீனாவின் வடகிழக்கில் உள்ள ஹார்பின் நகரில் பிறந்தார். பெற்றோர் மேற்படிப்புக்காகக் கனடாவுக்குப் புறப்பட்டுவிட, அவரை வளர்த்தவர்கள் தாத்தாவும் பாட்டியும். ஐந்து வயதை நெருங்கும் வேளையில் தந்தை வந்து அழைத்துச் சென்றபோது, அந்தச் சிறுவனுக்கு அவர் ஏறக்குறைய ஓர் அந்நியராகவே இருந்தார். கிங்ஸ்ரனில் உள்ள குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்த பெற்றோர் விண்வெளித்துறைப் பொறியியலாளர்களாக வேலை பெற்று, பின்னர் ரொறன்ரோவை அடுத்த மிசிசாகாவில் குடியமர்ந்தார்கள். பிள்ளையை ஊரில் பெரியவர்களிடம் விட்டுவிட்டு முதலில் தாங்கள் வந்து, வழி கிடைத்த பிறகு கூப்பிட்டுக்கொண்ட குடும்பங்கள் நம்மவரிடையே எத்தனை என்று ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் வசிக்கும் யாருக்கும் நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. விமான நிலையத்தில் அப்பாவை அடையாளம் தெரியாமல் நின்ற பிள்ளைகள் இன்று நம்மோடு வேலைக்குப் போய் வருகிறார்கள்.

அந்த வீட்டில் என்ன எதிர்பார்க்கப்பட்டது என்பதும் நமக்குப் புதிதல்ல. நல்ல பள்ளிக்கூடம், முதல் தர மதிப்பெண்கள், அதன் பின் பெயர் சொல்லக்கூடிய உத்தியோகம். பொறுக்கி எடுத்த மாணவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளும் ரொறன்ரோ பல்கலைக்கழகப் பள்ளியில் லியு படித்தார். பிறகு வெஸ்ரேர்ன் பல்கலைக்கழகத்தின் ஐவி வணிகப் பள்ளியில் பட்டம் பெற்று, டெலாய்ட் நிறுவனத்தின் ரொறன்ரோ அலுவலகத்தில் கணக்காளராகச் சேர்ந்தார். மதிப்பெண்களை முன்வைத்து வீட்டில் நடந்த சண்டைகளையும், அந்தச் சண்டைகளில் விழுந்த அடிகளையும், தான் பெற்றோரிடமிருந்து விலகிப்போன காலத்தையும் அவர் 2022இல் வெளியான தமது தன்வரலாற்றில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அதற்கு முன்பே, 2017இல், மக்லீன்ஸ் இதழில் பெற்றோருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் எழுத்தாக அது இருக்கவில்லை. மொழி புரியாத நாட்டில், கையில் காசில்லாமல் படித்து நிமிர்ந்தவர்களுக்குப் பிள்ளை மறுபடியும் அந்த இடத்துக்குப் போய்விடுவானோ என்ற பயம் எப்படி இருந்திருக்கும் என்பதை விளங்கிக்கொண்டு எழுதிய கடிதம் அது.

2012 ஏப்ரல் 12ஆம் திகதி அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். சேர்ந்து ஓர் ஆண்டு கூட நிறைவடைந்திருக்கவில்லை. சரியாகப் பத்து ஆண்டுகள் கழித்து அந்த நாளைப் பற்றி அவர் பொதுவில் எழுதினார். மனிதவளப் பிரிவைச் சேர்ந்தவரும் பாதுகாவலரும் கூட வர, தடுப்புச் சுவர்கள் இல்லாத அந்த அலுவலகத் தளத்தைத் தாண்டி வெளியே நடந்ததையும், ஒருவரும் ஒரு வார்த்தை பேசாமல் இருந்ததையும் அவர் மறக்கவில்லை. அந்த வேலையில் தமக்குத் திறமையோ விருப்பமோ இருக்கவில்லை என்பதையும் அவர் பல தடவை ஒப்புக்கொண்டிருக்கிறார். இருந்தாலும் வேலை நீக்கம் என்பது குடியேறிய குடும்பத்தில் வெறும் வேலை நீக்கமாக இருப்பதில்லை. பெற்றோர் இருபது ஆண்டுகளாகக் கட்டிய ஒன்று ஒரே காலையில் விழுந்துவிட்டதாகவே வீட்டில் எடுத்துக்கொள்ளப்படும்.

அதன் பிறகுதான் அந்த விளம்பரம். கிரெய்க்ஸ்லிஸ்ட் தளத்தில் படப்பிடிப்பு ஒன்றுக்குத் துணை நடிகர்கள் தேவை என்று போட்டிருந்தார்கள். படம் கியர்மோ டெல் டோரோ இயக்கிய ‘பசிபிக் ரிம்’. கதையின் பெரும்பகுதி ஹாங்காங்கில் நடக்கிறது. அந்த ஹாங்காங்கின் வீதிகளை அமைத்தது ரொறன்ரோவின் துறைமுகப் பகுதியில் இருக்கும் பைன்வுட் படப்பிடிப்புத் தளத்தில். ஆகவே ஆசிய முகங்கள் நூற்றுக்கணக்கில் தேவைப்பட்டன. ஒன்ராறியோவில் அப்போது குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 10.25 டொலர். சங்கத்தில் சேராத துணை நடிகர் ஒருவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய அந்த அளவுதான். வெளியான படத்தின் பெயர்ப் பட்டியலில் லியுவின் பெயர் இல்லை.

இந்த வேலை எப்படி நடக்கிறது என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முதல் நாள் இரவு எட்டு அல்லது ஒன்பது மணிக்குத்தான் மறுநாள் எத்தனை மணிக்கு எங்கே வர வேண்டும் என்ற செய்தி வரும். பெரும்பாலும் விடிவதற்கு முன் வரச் சொல்வார்கள். சின்னங்களோ எழுத்துகளோ இல்லாத உடைகள் மூன்று விதமாகக் கொண்டுபோக வேண்டும். படப்பிடிப்பு நடக்கும் தெருவுக்கு அருகில் ஒரு தேவாலயத்தின் நிலவறையிலோ சமூகக் கூடத்திலோ எங்களை உட்கார வைப்பார்கள். உடைப் பிரிவைச் சேர்ந்த பெண் ஒருவர் வந்து ஒவ்வொருவரையும் ஏற இறங்கப் பார்த்து இந்த மேலங்கியைப் போடு, அந்தக் கழுத்துத் துணியைக் கழற்று என்று சொல்லிக்கொண்டே போவார். பிறகு காத்திருப்பு. படிப்பவர்கள் படிப்பார்கள், தூங்கத் தெரிந்தவர்கள் நாற்காலியிலேயே தூங்குவார்கள். ஆக்ட்ரா என்ற நடிகர் சங்கத்தில் உறுப்பினராக இருப்பவர்களுக்கு ஊதியம் கூட, பல இடங்களில் சாப்பாட்டு வரிசையும் வேறு. மற்றவர்கள் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டு தங்கள் முறைக்காக நிற்பார்கள்.

கூப்பிட்டதும் தெருவுக்குப் போனால் ரொறன்ரோவின் தெரு நியூயோர்க்காக மாறியிருக்கும். மஞ்சள் வாடகைக் கார்கள், நீல நிறத் தபால் பெட்டி, அமெரிக்கக் கொடி, தரையில் வேண்டுமென்றே போட்ட குப்பை. முதலில் ‘பேக்ரவுண்ட்’ என்று உதவி இயக்குநர் குரல் கொடுப்பார், நாங்கள் நடக்கத் தொடங்குவோம். ஒரு விநாடி கழித்துத்தான் ‘ஆக்‌ஷன்’ என்ற சொல் வரும், அது நடிகர்களுக்கானது. ஒலிப்பதிவில் எங்கள் சத்தம் விழக் கூடாது என்பதால் பக்கத்தில் வருபவரோடு உதட்டை மட்டும் அசைத்துப் பேச வேண்டும். அடுத்த தடவை எடுக்கும்போது கோப்பை அதே கையில் இருக்க வேண்டும், அதே கடையின் முன்னால் திரும்ப வேண்டும். மாசி மாதக் குளிரில் இலையுதிர்காலத்துக்கான மெல்லிய மேலங்கியோடு அப்படி நடந்துகொண்டிருந்தபோது, ஓய்வு பெற்ற பிறகு இந்த வேலைக்கு வந்திருந்த யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர் என் காதோரமாகச் சொன்னார். “தம்பி, கமராப் பக்கம் பார்க்காதேயும். நீர் பார்த்தீர் எண்டால் திரும்பவும் எடுப்பினம், எல்லாரும் இன்னொருக்கால் குளிருக்குள்ள நிக்க வேணும்.” இந்த வேலையின் முழு இலக்கணமும் அந்த எச்சரிக்கைக்குள் இருந்தது. நன்றாகச் செய்தால் யார் கண்ணிலும் படமாட்டோம்.

ஆகவே துணை நடிகர் வேலை முதல் படி, அதில் ஏறினால் அடுத்த படி வரும் என்று நம்புகிறவர்களிடம் நான் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். அங்கிருந்து மேலே போகும் படிக்கட்டு எதுவும் கிடையாது. கூட்டத்துக்கு ஆள் எடுக்கும் முகவர்கள் வேறு, வசனம் பேசும் வேடங்களுக்கு நடிகர்களைத் தேர்ந்தெடுக்கும் அலுவலகங்கள் வேறு. இரண்டுக்கும் இடையில் பேச்சுவார்த்தை கூடக் குறைவு. ஒரு தொடரில் உங்கள் முகம் தெளிவாகப் பதிந்துவிட்டால், அந்தத் தொடரிலேயே பேசும் வேடம் ஒன்று வரும்போது அது உங்களுக்குத் தடையாகக்கூட முடியலாம். பல ஆண்டுகளாகக் கூட்டத்தில் நின்று, இயக்குநர் ஒருவர் ஒரு நாள் தங்களைக் கை காட்டிக் கூப்பிடுவார் என்று காத்திருக்கும் நல்ல மனிதர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களை நினைத்தால் எனக்கு மனம் வலிக்கிறது. அவர்களிடம் உண்மையைச் சொல்ல அந்தத் தொழிலில் யாருக்கும் அவசரம் இல்லை, ஏனென்றால் மறுநாள் காலையிலும் கூட்டம் தேவை.

அப்படியானால் லியுவுக்கு அந்தப் படப்பிடிப்பு என்ன கொடுத்தது? ஒரு தொழிற்கூடத்தை உள்ளிருந்து பார்க்கும் வாய்ப்பைக் கொடுத்தது. தூரத்தில் இருக்கும்வரை சினிமா என்பது வேறு உலகத்தவர் செய்யும் ஏதோ ஒன்று. விளக்குப் பிடிப்பவர், தண்டவாளம் போடுபவர், வசனத்தை மறந்து மறுபடியும் தொடங்கும் நடிகர் ஆகியோரைக் கிட்ட நின்று பார்த்த பிறகு அது மனிதர்கள் பழகிச் செய்யும் வேலையாகத் தெரிகிறது. பழகக்கூடிய வேலை என்றால் கற்றுக்கொள்ளவும் முடியும். அந்தத் தளத்தில் நின்றபோதுதான் இந்த உலகத்தின் மீது தமக்குக் காதல் வந்தது என்று அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு அவர் கூட்டத்தில் நின்றுகொண்டே இருக்கவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

அவர் வகுப்புகளுக்குப் போனார், முகவரைத் தேடினார், தொலைக்காட்சித் தொடர்களில் ஓரிரு வரி பேசிவிட்டு மறையும் வேடங்களுக்குப் போனார். உடலைப் பழக்கி வைத்திருந்ததால் சண்டைக் கலைஞராகவும் வேலை தேடினார். ‘ஹீரோஸ் ரீபார்ன்’ தொடரில் அவர் செய்தது அந்த வேலைதான். குழந்தைகளின் பிறந்தநாள் விழாக்களுக்கு ஸ்பைடர்மேன் உடையில் போய் நின்றார். கடன் அட்டைக் கடனைக் கட்டுவதற்காக 2014 வாக்கில் ஒரு புகைப்பட நிறுவனத்துக்கு முகம் காட்டி, ஏறக்குறைய நூறு டொலருக்கு எல்லா உரிமைகளையும் எழுதிக் கொடுத்தார். அலுவலக மேசையைச் சுற்றி நின்று சிரிக்கும் அந்தப் படங்கள் பின்னர் விளம்பரங்களிலும் பாடநூல் அட்டைகளிலும் வந்தன, அவற்றில் கணக்கியல் பாடநூலும் ஒன்று. அவர் புகழ் பெற்ற பிறகு இணையத்தில் எல்லாரும் அந்தப் படங்களைப் பரிமாறி மகிழ்ந்தார்கள். எனக்கு அவற்றைப் பார்க்கும்போது நினைவுக்கு வருவது, வாடகைத் திகதி நெருங்கும்போது கையில் கிடைத்த தாளில் கையெழுத்துப் போடும் நிலைமை. இந்த நகரத்தில் கலைத்துறையில் இருக்கும் குடியேறிகளில் பலர் அந்த நிலைமையில் இருந்திருக்கிறார்கள், இப்போதும் இருக்கிறார்கள்.

2015ஆம் ஆண்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஓம்னி தொலைக்காட்சியில் வந்த ‘பிளட் அண்ட் வாட்டர்’ என்ற குற்றவியல் தொடரில் அவருக்குக் குறிப்பிடத்தக்க வேடம் கிடைத்தது. ஆங்கிலம், மண்டரின், கண்டனீஸ் ஆகிய மூன்று மொழிகளிலும் பேசப்பட்ட தொடர் அது. அதே ஆண்டில் ரொறன்ரோவின் ஃபாக்ரரி தியேட்டரில் ‘பனானா போய்ஸ்’ நாடகத்தில் மேடையேறினார். கனடாவில் வளர்ந்த சீன இளைஞர்கள் ஐவரைப் பற்றிய நாடகம். இந்த இரண்டையும் பற்றி யாரும் பேசுவதில்லை, பார்த்தவர்களின் எண்ணிக்கையும் பெரிதல்ல. ஆனால் மேடையில் இரண்டு மணி நேரம் ஒரு பாத்திரத்தைத் தாங்கிப் பிடித்திருப்பது எப்படி என்பதைக் கூட்டத்தில் நின்று யாராலும் கற்க முடியாது. சிறிய நாடக அரங்குகளும் பல்மொழித் தொலைக்காட்சிகளும் செய்கிற இந்த வேலைக்கு நாம் மதிப்புக் கொடுப்பதில்லை என்பது என் நெடுநாளைய ஆதங்கம்.

அடுத்தது ‘கிம்ஸ் கன்வீனியன்ஸ்’. இந்த இடத்தில் லியுவின் கதையிலிருந்து சற்று விலகி இன்ஸ் சோய் என்பவரைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் அவர் இல்லாமல் லியு இல்லை. கொரியாவில் பிறந்து ஸ்காபரோவில் வளர்ந்த நடிகர் சோய். ஆசிய நடிகர்களுக்கு எழுதப்பட்ட வேடங்கள் எப்படி இருக்கும் என்பதை அனுபவத்தில் கண்டவர், தம் குடும்பமும் தேவாலயமும் அயலும் தெரிந்த ஒரு கதையைத் தாமே எழுதினார். மூலைக்கடை நடத்தும் கொரியத் தந்தை, அவரோடு பேச்சு வார்த்தை இல்லாத மகன், கடையை யாரிடம் ஒப்படைப்பது என்ற கேள்வி. 2011இல் ரொறன்ரோ ஃபிரிஞ்ச் நாடக விழாவில் அது முதன்முதலாக மேடையேறியபோது மகன் ஜங் வேடத்தில் நடித்தவர் சோய்தான். தந்தையாக நடித்தவர் பால் சன்-ஹியுங் லீ, கொரியாவில் பிறந்து கைக்குழந்தையாகக் கனடா வந்தவர். அடுத்த ஆண்டு சோல்பெப்பர் நாடக நிறுவனம் அதை எடுத்து நடத்தியது. பின்னர் அது கனடாவின் பொது ஒளிபரப்பு நிறுவனமான சிபிசியின் தொடராகி, 2016 ஒக்டோபரில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. கடையின் வெளிப்புறமாகக் காட்டப்பட்டது குயின் வீதி கிழக்கில் மொஸ் பார்க் அருகே உண்மையாகவே இயங்கிய ஒரு மூலைக்கடை. அந்த வழியாகப் போகும் ஸ்ட்ரீட்காரில் இருந்தபடி அதன் பெயர்ப்பலகையை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் மனம் மகிழ்ந்திருக்கிறது.

தொடரில் ஜங் வேடம் லியுவுக்குக் கிடைத்தது. கொரியப் பாத்திரத்தில் சீனர் ஒருவர் நடிப்பதைப் பற்றி அப்போதே கேள்விகள் எழுந்தன, அவை நியாயமான கேள்விகள்தான். தந்தையோடு மனஸ்தாபப்பட்டு வீட்டை விட்டுப் போய், கார் வாடகை நிலையம் ஒன்றில் வேலை செய்துகொண்டு, தாயை மட்டும் இரகசியமாகச் சந்திக்கும் மகன். தொடர் நகைச்சுவையாக இருந்தாலும் அந்தத் தந்தையும் மகனும் ஒரே அறையில் இருக்க நேரும் காட்சிகளில் சிரிப்பு நின்றுவிடும். லீயும் லியுவும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் பேசும் அந்தக் காட்சிகளை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். மகன் தலையைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, கடைத் தட்டில் உள்ள பொருள் ஒன்றை ஒழுங்குபடுத்துவதுபோல் கையை வைப்பான். அதைப் பார்க்கிற ஒவ்வொரு குடியேறிக் குடும்பத்துப் பிள்ளைக்கும் அந்தக் கையின் சங்கடம் தெரியும்.

வெளியிலிருந்து பார்த்தால் இந்தக் கட்டத்தில் அவர் வெற்றி பெற்றுவிட்டார். நெட்ஃபிளிக்ஸ் வழியாக 2018இலிருந்து தொடர் உலகமெங்கும் போனது. ஆனால் நடிகர்களுக்குக் கிடைத்த ஊதியம், தொடரின் புகழோடு ஒப்பிட்டால், மிகக் குறைவு என்பதை அவர் 2021 ஜூனில் வெளிப்படையாக எழுதினார். எழுத்தாளர் அறையில் ஆசியக் குரல்கள் போதிய அளவு இல்லை என்பதையும் சொன்னார். தாயாக நடித்த ஜீன் யூனும் அதே குறையைப் பொதுவில் எடுத்துச் சொன்னார். ஆறாவது பருவத்துக்கு ஒப்புதல் இருந்தும், தொடரை உருவாக்கிய இருவர் விலகியதால் ஐந்தாவது பருவத்தோடு, 65 அத்தியாயங்களில், அது முடிந்துபோனது. உடன் வேலை செய்தவர்களைப் பற்றிய கசப்பைப் பொதுவில் கொட்டுவது சரியா என்று சிலர் கேட்டார்கள். அந்தச் சமயத்தில் அவருக்கு அடுத்த படம் கையில் இருந்தது, பேசினால் இழப்பதற்கு அவருக்குக் குறைவாகவே இருந்தது. அந்த வசதி இல்லாத சக நடிகர்களுக்கும் சேர்த்து அவர் பேசினார் என்றே நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

இனி அந்தப் புகழ் பெற்ற ட்விட்டர் வரிக்கு வரலாம். ஆசிய வம்சாவளி நாயகன் ஒருவரைப் பற்றி மார்வெல் யோசிக்கக் கூடாதா என்று அவர் முதன்முதலில் எழுதியது 2014இல், அவரை யாருக்கும் தெரியாத காலத்தில். ‘ஷாங்-சி’ பாத்திரத்தைப் படமாக்கப் போவதாக 2018 டிசம்பரில் செய்தி வந்தபோது, நாம் பேசலாமா என்ற பொருளில் இன்னொரு வரி எழுதினார். 2019 ஜூலை 20ஆம் திகதி சான் டியேகோ கொமிக்-கொன் மேடையில் அவர் பெயர் அறிவிக்கப்பட்டதும், பதில் சொன்னதற்கு நன்றி என்று எழுதினார். செய்தித்தாள்களுக்கு இதைவிட அழகான தலைப்பு கிடைக்காது. ஆனால் அந்த வரியை வைத்து யாரும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஒளிப்பதிவு அனுப்பி, சுற்றுச் சுற்றாகத் தேர்வுகளுக்குப் போய், நியூயோர்க்கில் சக நடிகை ஆக்வாஃபினாவோடு நடித்துக் காட்டிய பிறகுதான், அறிவிப்புக்குச் சில நாள்களுக்கு முன் அவருக்குத் தொலைபேசி வந்தது.

அந்தத் தேர்வு அறைக்குள் அவர் எதைக் கொண்டு போனார் என்று எண்ணிப் பார்க்கிறேன். சண்டைக் கலைஞராக அலைந்த காலத்தில் பழக்கிய உடல் இருந்தது. வீட்டில் பெற்றோரோடு பேசி வந்த மண்டரின் இருந்தது, திரையில் தந்தையாக வரும் டோனி லியுங்கோடு அந்த மொழியிலும் அவர் பேச வேண்டியிருந்தது. அதற்குள் ஒளிபரப்பாகியிருந்த மூன்று பருவங்களில், 39 அத்தியாயங்களில், தேறிய நகைச்சுவை நேரக்கணிப்பு இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஷாங்-சியின் கதையே தந்தையிடமிருந்து ஓடிப்போன மகனின் கதை. அதை அவர் ஜங்காக நடித்துப் பழகியிருந்தார், அதற்கு முன்னால் மிசிசாகாவில் வாழ்ந்தும் இருந்தார். 2012இல் துணை நடிகராக நின்ற இளைஞனைப் பைன்வுட் தளத்திலிருந்து நேராக அந்த அறைக்குக் கொண்டுபோயிருந்தால் அவனிடம் இவற்றில் பாதி இருந்திருக்காது.

காலமும் அவருக்குத் துணை செய்தது என்பதை மறுக்க முடியாது. 2018 ஓகஸ்டில் ‘கிரேஸி ரிச் ஏசியன்ஸ்’ பெற்ற வசூல், ஆசிய நடிகர்களை மட்டும் வைத்து எடுக்கும் படத்துக்குக் கூட்டம் வராது என்ற ஹொலிவூட் நம்பிக்கையை உடைத்திருந்தது. பத்து ஆண்டுகளுக்கு முன் இதே திறமையோடு ஒருவர் வந்திருந்தால் அவருக்குத் தட்டக் கதவு இருந்திருக்காது. அப்படிக் கதவில்லாமல் போனவர்கள் ரொறன்ரோவிலேயே இருக்கிறார்கள்.

‘ஷாங்-சி’ படப்பிடிப்பு சிட்னியில் நடந்தது, 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் நின்று மீண்டும் தொடங்கியது. படம் 2021 செப்டம்பர் 3ஆம் திகதி திரையரங்குகளுக்கு வந்தது. முதலில் திரையரங்குகளில் மட்டும் வெளியிடும் அந்த முறையை டிஸ்னியின் அப்போதைய தலைமை அதிகாரி ஒரு பரிசோதனை என்று குறிப்பிட்டபோது, நாங்கள் பரிசோதனைப் பொருள் அல்ல என்று லியு பதில் எழுதினார். தொழிலாளர் தின வார இறுதியின் முந்தைய வட அமெரிக்க வசூல் சாதனைகளை முறியடித்து, உலக அளவில் ஏறக்குறைய 43 கோடி அமெரிக்க டொலரை அந்தப் படம் ஈட்டியது. பின்பு 2023இல் ‘பார்பி’யில் கென்களில் ஒருவராகவும் வந்தார். கனடாவின் ஜூனோ இசை விருது விழாவை இரண்டு ஆண்டுகள் தொகுத்து வழங்கினார்.

ஆனால் நம் பிள்ளைகளுக்கு முன்மாதிரி தேடும்போது நான் அதிகம் நினைப்பது லியுவை அல்ல, பால் சன்-ஹியுங் லீயையும் இன்ஸ் சோயையும்தான். தந்தை வேடம் கிடைத்தபோது லீக்கு நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அதுவரை மேடையிலும் தொலைக்காட்சியிலும் கிடைத்த சிறு வேடங்களைச் செய்துகொண்டு தொழிலை விடாமல் இருந்தவர். அந்த ஒரு பாத்திரத்துக்காகக் கனடியத் திரை விருதுகள் வாங்கி, பிறகு ‘மண்டலோரியன்’ தொடர் வரைக்கும் போனார். சோய் தமக்கு வேடம் இல்லை என்று கண்டதும் வேடத்தை எழுதினார். அந்த எழுத்தால் லீக்கும், யூனுக்கும், லியுவுக்கும், மகளாக நடித்த ஆண்ட்ரியா பாங்குக்கும் வேலை கிடைத்தது. ஒருவர் கூட்டத்திலிருந்து தனியாக வெளியேறுவதைவிட இது பெரிய காரியம்.

மிசிசாகாவைச் சேர்ந்த மைத்ரேயி இராமகிருஷ்ணனைப் பற்றி இங்கே கேட்பார்கள். அவர் இலங்கைத் தமிழ் அகதிக் குடும்பத்தில் இங்கேயே பிறந்தவர். நெட்ஃபிளிக்ஸின் ‘நெவர் ஹாவ் ஐ எவர்’ தொடருக்காக நடந்த திறந்த தேர்வில் ஏறக்குறைய 15,000 பேரிலிருந்து பதினேழு வயதில் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவரைப் பற்றி எனக்கு அளவில்லாத பெருமை. ஆனால் அந்தத் தேர்வு அமெரிக்காவில் எழுதப்பட்ட ஒரு கதைக்காக நடந்தது. ஸ்காபரோவின் தமிழ்க் கடை, தமிழ் வீடு, தமிழ்த் தேவாலயம், கோவில் மண்டபம் பற்றி இங்கிருந்தே எழுதப்பட்டு, இந்த நகரத்தின் மேடையில் தொடங்கி, இந்த நாட்டின் தொலைக்காட்சிக்குப் போன கதை நம்மிடம் இன்னும் போதிய அளவில் இல்லை.

துணை நடிகராகப் பதிவு செய்ய எங்கே போக வேண்டும் என்று என்னிடம் கேட்கும் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும் அந்த விபரங்களை நான் கொடுக்கிறேன். ஒரு குளிர்காலம் போய்ப் பாருங்கள், வேலை எப்படி நடக்கிறது என்று கண்ணால் காணுங்கள், கிடைக்கும் காசை நடிப்பு வகுப்புக்குக் கட்டுங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன். எழுதத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு விபரமும் கொடுக்கிறேன். ரொறன்ரோ ஃபிரிஞ்ச் விழா ஒவ்வொரு கோடையிலும் ஜூலை மாதத்தில் நடக்கிறது. எந்தெந்த நாடகங்கள் மேடையேறும் என்பதைப் பெரும்பாலும் குலுக்கல் முறையில் தீர்மானிக்கிறார்கள், ஆகவே யாருடைய மகன், யாரைத் தெரியும் என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. விண்ணப்பம் பல மாதங்களுக்கு முன்பே திறந்துவிடும். ஸ்காபரோவிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையை எழுதி வைத்திருப்பவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள், வாசித்துக் கருத்துச் சொல்லவும் ஒத்திகைக்கு இடம் தேடித் தரவும் நான் ஆயத்தமாக இருக்கிறேன்.